துப்பறியும் கதை படித்து யோசிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பறியும் கதைகள் படித்தால் உண்மையிலேயே மூளை கூர்மையாகுமா?

வெறுமனே படித்தால் ஆகாது. கதாசிரியர் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய்விட்டு, கடைசியில் துப்பறிவாளர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கும்போது "அட, ஆமாம்!" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினால் பொழுது நன்றாகப் போயிருக்கும், அவ்வளவுதான். அங்கே யோசித்தது துப்பறிவாளர்.

ஆனால் இந்தக் கதைகளில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. கேள்வி இருக்கிறது, தடயங்கள் இருக்கின்றன, கடைசிப் பக்கத்தில் விடையும் இருக்கிறது. நாம் போட்ட கணக்கு சரியா தப்பா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். நிஜத்தில் ஒருவரைப் பற்றித் தப்பாக முடிவுகட்டிவிட்டால் அதை யாரும் வந்து திருத்துவதில்லை, ஆயுசுக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்போம். அதனால், முறையாகப் பயன்படுத்தினால் கிரிட்டிக்கல் திங்கிங், அதாவது எதையும் அலசிப் பார்த்து முடிவெடுப்பது, பழக இவை அருமையான இடம் என்று உறுதியாக நம்புகிறேன்.

முறையாக என்றால் எப்படி?

நிறுத்திப் படிக்க வேண்டும். கதை முக்கால்வாசி தாண்டியதும் துப்பறிவாளருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, நமக்கு இன்னும் புரியவில்லை என்கிற ஓர் இடம் வரும். எல்லரி குவீன் என்ற பெயரில் வந்த அமெரிக்கத் துப்பறியும் நாவல்கள் சிலவற்றில் அந்த இடத்தில் 'வாசகருக்கு ஒரு சவால்' என்று தனிப் பக்கமே இருக்கும்: எல்லாத் தடயமும் உங்கள் கையில் வந்துவிட்டது, இனி நீங்களே கண்டுபிடிக்கலாம் என்று. மற்ற கதைகளில் அந்தப் பக்கத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு தாளில் எழுதுங்கள். யார் மேல் சந்தேகம், ஏன், எந்தத் தடயம் இந்தக் கணக்கில் ஒட்டாமல் நிற்கிறது, அப்புறம் எது தெரியவந்தால் இந்தச் சந்தேகத்தைக் கைவிடுவேன். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இந்தப் பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. எது வந்தாலும் மாறாத சந்தேகம் என்றால் அது தடயத்தைப் பார்த்து வந்ததில்லை, அந்த ஆளைப் பிடிக்காமல் வந்தது.

மனதிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. முடிவு தெரிந்த அடுத்த நிமிடம் "எனக்கு அவர் மேல் அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது" என்று மனது சொல்லும், நாமும் அதை மனதார நம்புவோம். தாளில் இருப்பது அப்படி மாறாது.

கவனித்ததையும் ஊகித்ததையும் எப்படிப் பிரிப்பது?

ஒரு சின்ன வழக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் அலுவலகத்தில் பணப்பெட்டி காணாமல் போகிறது. அன்று மாலை 7 முதல் 9 வரை மின்சாரம் இல்லை. காவலாளி சொல்கிறார்: "ஏழரை மணிக்கு அந்த அறையைத் தாண்டிப் போனேன் சார். கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது, மேனேஜர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்."

இதைப் படித்ததும் பலருக்குத் தோன்றுவது, காவலாளி பொய் சொல்கிறார், மாட்டிக்கொண்டார் என்பது. கொஞ்சம் பொறுங்கள். அவர் சொன்னதில் அவர் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், கதவுக்குக் கீழே வெளிச்சம். மேனேஜர் உள்ளே இருந்தார் என்பது அவருடைய ஊகம். ஏழரை மணி என்பது அவருடைய ஞாபகம். கடிகாரத்தைப் பார்த்தாரா, தோராயமாகச் சொல்கிறாரா என்று நமக்குத் தெரியாது. 'மின்சாரம் இல்லாத நேரத்தில் வெளிச்சமா, அப்படியானால் பொய்' என்பது நம்முடைய ஊகம்.

இப்போது என்னென்ன நடந்திருக்கலாம் என்று பாருங்கள். யாரோ உள்ளே டார்ச் வைத்துக்கொண்டு பெட்டியைத் தேடியிருக்கலாம். அந்த அறைக்கு மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கலாம். காவலாளி நேரத்தைத் தவறாகச் சொல்லியிருக்கலாம், மின்சாரம் போவதற்கு முன்பே பார்த்திருக்கலாம். நிஜமாகவே பொய்யாகவும் இருக்கலாம். நான்கும் பொருந்துகிறது. இனி, இவற்றைப் பிரித்துக்காட்டக்கூடிய கேள்வி எது என்று தேட வேண்டும். "நீங்கள் வராந்தாவில் நடந்தபோது அங்கே விளக்கு எரிந்ததா?" என்று கேட்கலாம். எரிந்தது என்றால் பெரும்பாலும் நேரம்தான் தப்பு. கும்மிருட்டு என்றால் "தெரிந்த வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றதா, அசைந்ததா?" என்று அடுத்த கேள்விக்குப் போகலாம்.

"நீ பொய்தானே சொல்கிறாய்?" என்று மிரட்டியிருந்தால் இதில் ஒன்றும் கிடைத்திருக்காது. நல்ல துப்பறியும் கதையில் துப்பறிவாளர் கேட்கும் கேள்விகள் சம்பந்தமே இல்லாத மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். படிக்கும்போது ஒவ்வொரு கேள்வியையும் பிடித்து, 'இதற்கு ஆம் என்றால் எது அடிபடும், இல்லை என்றால் எது அடிபடும்' என்று கேட்டுப் பழகுங்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் செய்வதுதான் டிடக்‌ஷனா?

அவர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார், ஆனால் தர்க்கப் பாடப்படி பெரும்பாலும் அது இல்லை. 1887இல் வந்த முதல் கதையில், பின்னால் தன் நண்பராகப் போகும் வாட்சனைப் பார்த்த உடனே 'ஆப்கானிஸ்தானிலிருந்து வந்திருக்கிறீர்கள்' என்கிறார். மருத்துவர் சாயல், ராணுவ விறைப்பு, கறுத்த முகம், ஆனால் மணிக்கட்டில் வெளுத்த தோல், அசைக்க முடியாமல் பிடித்திருக்கும் இடது கை. இதையெல்லாம் வைத்து, ஓர் ஆங்கில ராணுவ மருத்துவர் வெப்பநாட்டில் இப்படி அடிபட்டு வந்திருக்கிறார் என்றால் அது ஆப்கானிஸ்தான்தான் என்கிறார். அழகான யோசனை. ஆனால் வேறு நாடாக இருந்திருக்கவே முடியாதா என்றால், முடியும்.

சுத்தமான டிடக்‌ஷனில் தொடக்கக் கூற்றுகள் சரியாக இருந்தால் முடிவு தப்பாகவே முடியாது. இந்தப் பெட்டிக்கு இரண்டே சாவி, இரண்டும் அன்று முழுக்க வங்கி லாக்கரில் இருந்தன, ஆகவே அன்று யாரும் சாவி போட்டுத் திறக்கவில்லை. இப்படிப்பட்டது. பலமுறை பார்த்ததை வைத்து இனியும் அப்படித்தான் நடக்கும் என்பது இண்டக்‌ஷன். கண்ணில் பட்டதற்கெல்லாம் சிறந்த விளக்கம் எது என்று பின்னோக்கி யோசிப்பதற்கு அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் பியர்ஸ் அப்டக்‌ஷன் என்று பெயர் வைத்தார். ஹோம்ஸ் செய்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. நோயாளியைப் பார்த்து மருத்துவர் நோயைச் சொல்வதும் இதே வகைதான். ஹோம்ஸுக்கு முன்மாதிரியாக இருந்தவர் எடின்பரோவில், ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலுக்குப் பாடம் எடுத்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஜோசப் பெல் என்பதை நினைத்தால் இது பொருத்தமாகவே இருக்கிறது.

மணிமேகலையில் இதற்கு ஒரு பாடமே இருக்கிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித் தருகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), புகை இருப்பதால் என்பது ஏது (காரணம்), அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம் (உதாரணம்). எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து வருவது. சரியான வாதத்தைச் சொன்ன கையோடு, பார்க்கச் சரி போலவே இருந்து ஏமாற்றும் போலி வாதங்களை அந்தக் காதை நீளமாகப் பட்டியல் போடுகிறது: பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி. தவறான துப்பை நம்பி ஓடும் இன்ஸ்பெக்டர்களைப் படிக்கும்போது, இவர் சறுக்கியது காரணத்திலா, உதாரணத்திலா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பயிற்சி.

முடியாததையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் உண்மை என்பார்களே, அது சரியா?

தர்க்கப்படி சரி. நடைமுறையில் ஆபத்தானது, ஏனென்றால் கழிப்பதற்கு முன்னால் எல்லாச் சாத்தியத்தையும் பட்டியல் போட்டிருக்க வேண்டும். பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டால், கழித்துக் கழித்து மிஞ்சுவது பொய்யாக இருக்கும், அதையும் நாம் நிரூபித்துவிட்டதாகவே நினைப்போம்.

இதற்கு ஹோம்ஸைப் படைத்தவரின் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் எல்சி, பிரான்சஸ் என்று இரண்டு பெண்கள், ஒருத்திக்கு 16 வயது, இன்னொருத்திக்கு 9, தேவதைகளோடு இருக்கும் மாதிரி புகைப்படம் எடுத்தார்கள். நெகட்டிவ்களைப் பரிசோதித்த ஒரு நிபுணர், இதில் இரட்டைப் பதிவு (ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பதிப்பது) மாதிரியான வேலை எதுவும் இல்லை என்றார். அந்தப் படங்களை உண்மை என்று நம்பி கோனன் டாயில் 1920இல் பத்திரிகையில் கட்டுரை எழுதினார், 1922இல் புத்தகமே போட்டார். 1983இல், வயதான பிறகு, அந்த இருவரும் ஒப்புக்கொண்டார்கள்: அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்கள், தொப்பி ஊசியால் நிறுத்தி வைத்தவை.

எங்கே சறுக்கியது என்று பாருங்கள். நெகட்டிவில் ஏமாற்றுவேலை இல்லை என்பது உண்மைதான். ஏமாற்றுவேலை கேமராவுக்கு முன்னாலேயே நடந்திருக்கலாம் என்கிற சாத்தியத்துக்கு அவர் உரிய இடம் கொடுக்கவில்லை. சின்னப் பெண்கள் இப்படியெல்லாம் செய்வார்களா என்கிற எண்ணமும், ஆவியுலகத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கையும் சேர்ந்து அந்தக் கதவை மூடிவிட்டன.

அப்படியானால் கோனன் டாயிலே நல்ல துப்பறிவாளர் இல்லையா?

அப்படிச் சொன்னால் அநியாயம். 1903இல் ஜார்ஜ் எடால்ஜி என்கிற இளம் வழக்கறிஞர், இந்தியாவில் பிறந்த பார்சி பாதிரியாரின் மகன், இரவில் கால்நடைகளைக் கிழித்துக் காயப்படுத்தினார் என்று ஏழு ஆண்டு தண்டனை பெற்றார். மூன்று ஆண்டுக்குப் பிறகு வெளியே வந்தும் குற்றவாளிப் பட்டம் போகவில்லை. அவரைச் சந்திக்கப் போன டாயில், அவர் செய்தித்தாளைக் கண்ணுக்கு ஒட்டி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் படிப்பதைப் பார்த்தார். கண் மருத்துவம் படித்தவர் அல்லவா, கடுமையான கிட்டப்பார்வை என்று புரிந்துவிட்டது. இந்தப் பார்வையோடு இருட்டில் ரயில் பாதை தாண்டி, வயல் தாண்டிப் போய் எப்படி ஒரு மிருகத்தைத் தாக்குவது? 1907 ஜனவரியில் பத்திரிகையில் விரிவாக எழுதினார். அதே ஆண்டு அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

ஒரே மனிதர்தான். ஒரு விஷயத்தில் தன் கண்ணை நம்பினார், இன்னொன்றில் தன் ஆசையை நம்பினார். யோசிக்கும் திறமை என்பது ஒருமுறை சம்பாதித்துவிட்டால் எல்லா இடத்துக்கும் தானாக வரும் பொருள் இல்லை. எந்த விஷயம் உண்மையாக இருந்தால் நமக்குச் சந்தோஷமோ, அந்த விஷயத்தில்தான் தாளும் பேனாவும் அதிகம் தேவைப்படுகிறது.

முதல் அத்தியாயத்திலேயே ஒருவரைச் சந்தேகித்துவிடுகிறேன், அப்புறம் எல்லாமே அவரைத்தான் காட்டுகிறது. என்ன செய்வது?

எல்லாருக்கும் இருப்பதுதான். உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் ஒரு சோதனை வைத்தார். 2, 4, 6 என்று மூன்று எண்கள், இவை ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மூன்று மூன்று எண்ணாகச் சொல்லி அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். நிறைய பேர் 8, 10, 12 மாதிரி சொல்லிப் பார்த்தார்கள். 'ஆம், பொருந்துகிறது' என்று பதில் வந்தது. இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று நம்பிக்கையோடு விடை சொன்னார்கள், தப்பு. விதி வேறொன்றுமில்லை, எண்கள் ஏறிக்கொண்டே போனால் போதும். 1, 2, 50 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால், 'இதுவும் பொருந்துகிறதே' என்று விழித்திருப்பார்கள். தன் யோசனைக்குப் பொருந்துவதை மட்டுமே சோதித்தால் இப்படித்தான் ஆகும்.

கதைக்கு வருவோம். உங்கள் சந்தேக நபர் குற்றமற்றவர் என்று வாதாட உங்களை வக்கீலாக அமர்த்தியிருப்பதாக வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதுங்கள். எழுத முடியாமல் திணறினால் உங்கள் சந்தேகம் வலுவானது. சரசரவென்று எழுத வந்துவிட்டால், இன்னொருவரைத் தேடுங்கள்.

சாட்சிகள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாமா?

எதை ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதை, நவீன துப்பறியும் கதைகளுக்கு முன்னோடி என்று பொதுவாகச் சொல்லப்படுவது. அதில் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்கிறது. வெவ்வேறு நாட்டுக்காரர்கள் சாட்சி. ஒருவர் அது ஸ்பானிய மொழி என்கிறார், இன்னொருவர் இத்தாலிய மொழி, மற்றொருவர் ரஷ்ய மொழி. ஒவ்வொருவரும் சொல்வது தனக்குத் தெரியாத ஒரு மொழியை. முரண்பாடாகத் தெரியும் இந்தப் பேச்சில் எல்லாரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று இருக்கிறது: யாருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வழக்கின் திறவுகோல் அதுதான். முடிவைச் சொல்லமாட்டேன்.

நடக்காத ஒன்று தடயமாக முடியுமா?

முடியும், நடந்திருக்க வேண்டியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். 1892இல் வந்த ஹோம்ஸ் கதை ஒன்றில் லாயத்திலிருந்து பந்தயக் குதிரை களவு போகிறது. அங்கே காவலுக்கு இருந்த நாய், மேலே தூங்கிய பையன்களை எழுப்பும் அளவுக்குக் குரைக்கவில்லை, ஆகவே வந்தவன் அதற்குத் தெரிந்தவன் என்கிறார் ஹோம்ஸ். இது எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். அதே கதையில் இன்னொன்று இருக்கிறது, அது இதைவிட நுட்பமானது. காவல் பையனுக்கு அபினி கலந்த சாப்பாடு கொடுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணச் சாப்பாட்டில் அபினியின் சுவை நாக்கில் பட்டுவிடும். அன்றைக்குப் பார்த்து மசாலா தூக்கலான கறிக்குழம்பு. சந்தேகத்தில் பிடிபட்ட வெளியாள் அபினியைக் கொண்டுவந்திருக்கலாம், ஆனால் அந்த வீட்டில் அன்று இரவு என்ன சமைப்பது என்று அவனால் தீர்மானிக்க முடியுமா?

எனக்குத் தெரிந்து, 'இதைச் செய்ய யாருக்கு வாய்ப்பு இருந்தது' என்பதைக் கற்றுத்தர இதைவிட நல்ல இடம் இல்லை.

நான் கொலையாளியைப் பெரும்பாலும் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறேன். போதாதா?

காரணத்தோடு கண்டுபிடித்தீர்களா? சந்தேகமே வராத ஆள்தான் குற்றவாளியாக இருப்பார் என்று கதையின் போக்கை வைத்துச் சொல்வது கதாசிரியரைப் படிப்பது. அதிலும் சுவை உண்டு, ஆனால் புத்தகத்துக்கு வெளியே அது ஒன்றுக்கும் உதவாது.

எல்லாத் துப்பறியும் கதையும் இதற்கு ஏற்றதா?

இல்லை. துரத்தல், துப்பாக்கி, கடைசி நிமிடத்தில் எங்கிருந்தோ முளைக்கும் இரட்டைப் பிறவி, இவையெல்லாம் விறுவிறுப்பாக இருக்கும், இந்தப் பயிற்சிக்கு ஆகாது. வாசகருக்கும் துப்பறிவாளருக்கும் ஒரே தடயங்கள் கிடைக்கிற, நேர்மையாக ஆடப்பட்ட கதைகள் வேண்டும். ரொனால்ட் நாக்ஸ் என்கிற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், 1929இல் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிவாளர் கண்டெடுத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது, தற்செயலாக விடை கிடைக்கக் கூடாது, முன்கூட்டியே தயார்படுத்தாமல் இரட்டையர்களைக் கொண்டுவரக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. பொதுவாக 1920களிலும் 30களிலும் வந்த புதிர்க்கதைகள் இந்த வகையில் நம்பத்தக்கவை.

நிஜ வாழ்க்கையில் அப்படியே பயன்படுத்தலாமா?

அப்படியே கூடாது. கதையில் சந்தேக நபர்கள் ஐந்தாறு பேர், அவர்களில் ஒருவர்தான் குற்றவாளி என்பது உத்தரவாதம். வெளியே அந்த உத்தரவாதம் இல்லை. கதையில் உடைந்த கோப்பைக்கு அர்த்தம் இருக்கும். வெளியே கோப்பை சும்மாவும் உடையும். கதையில் தற்செயல் குறைவு, வெளியே தற்செயல்தான் அதிகம். இந்த வித்தியாசத்தை மறந்தால், கண்ணில் பட்டதையெல்லாம் கோத்துச் சதி என்று நம்புகிற மனநிலைக்குப் போய்விடுவோம்.

2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு இணையத்தில் பலர் கூட்டமாகச் சேர்ந்து கூட்டத்தின் புகைப்படங்களைப் பார்த்து 'துப்பறிந்தார்கள்'. முதுகுப்பை மாட்டியிருந்தவர்களையெல்லாம் வட்டம் போட்டார்கள். சம்பந்தமே இல்லாதவர்கள் பெயர் ஊரெல்லாம் பரவியது, அவர்கள் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதுகுப்பை மாட்டிய நிரபராதிகள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்னொருவர் பெயர் கெடும் என்றால், நம் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லவே கூடாது.

குழந்தைகளோடு இதைச் செய்யலாமா?

தாராளமாக. கொலை இல்லாத, காணாமல் போன பொருளைத் தேடும் கதைகளாக எடுங்கள். சத்தமாகப் படித்துக்கொண்டே போய் விடைக்கு முன்னால் நிறுத்தி, "உனக்கு யார் மேல் சந்தேகம், எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் தப்பாக இருந்து காரணம் நன்றாக இருந்தால் அதைத்தான் பாராட்ட வேண்டும். நடுவில் மனதை மாற்றிக்கொண்டால் கேலி செய்யாதீர்கள், அதற்கும் பாராட்டுங்கள். அவர்கள் விடையைச் சொன்னதும் 'சரி' என்றோ 'தப்பு' என்றோ முகத்தில் காட்டிவிடாமல் இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டமான பகுதி.

ஒருமுறை படித்த கதையைத் திரும்பப் படிப்பதில் பயன் உண்டா?

முதல் வாசிப்பைவிட அதிகப் பயன் என்றே சொல்வேன். குற்றவாளி தெரிந்த பிறகு படித்தால், தடயம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியும். பெரும்பாலும் அது ஒளிந்தே இருக்காது. மேஜைமேல் கிடந்த ஏழெட்டுப் பொருளின் பட்டியலில் நடுவில் ஒன்றாக இருக்கும். அல்லது அது சொல்லப்பட்ட அடுத்த வரியிலேயே யாராவது அலறியிருப்பார்கள், நாம் அலறலின் பின்னால் ஓடியிருப்போம். அல்லது எல்லாரும் அசட்டுத்தனமாகப் பேசுபவர் என்று ஒதுக்கிய பாத்திரம் அதைச் சொல்லியிருக்கும். பென்சிலால் அந்த வரிகளைக் குறித்துக்கொண்டே போங்கள். நம் கவனம் எப்படித் திசைமாறுகிறது என்று அங்கே தெரியும். விளம்பரமும் அரசியல் பேச்சும் இதே வித்தையைத்தான் செய்கின்றன.

எதிலிருந்து தொடங்கலாம்?

சிறுகதையிலிருந்து. நாவல் என்றால் நிறுத்தும் இடம் வருவதற்குள் பாதித் தடயம் மறந்துவிடும். ஹோம்ஸ் சிறுகதைகள் மொத்தம் 56 இருக்கின்றன, தமிழிலும் மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. குதிரைக் கதையில் சில விஷயங்களை மேலே சொல்லிவிட்டேன், ஆனாலும் குற்றவாளியைச் சொல்லவில்லை, அதிலிருந்தே தொடங்கலாம். அப்புறம் வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயின் பியோம்கேஷ் பக்‌ஷி கதைகள். சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கதைகளில் இரண்டு வக்கீல்கள் ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசுவதால், ஒருவர் ஊகம் சொல்ல இன்னொருவர் அதில் ஓட்டை கண்டுபிடிப்பதை நேரடியாகப் பார்க்கலாம். அகதா கிறிஸ்டியிடம் கடைசியாகப் போங்கள், அவர் உங்களை ஏமாற்றுவதில் கைதேர்ந்தவர். வாரத்துக்கு ஒரு கதை போதும், ஆனால் விடைக்கு முந்தைய பக்கத்தில் நிறுத்தி அந்தத் தாளை எழுதாமல் அடுத்த பக்கம் போகாதீர்கள்.